பக்கவாதமும் தாய்வழிச் சொத்தும்

“அவ அம்மாவுக்கும் இப்படித்தான இழுத்துச்சு.”

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பெண் பக்கவாதத்தில் விழுந்தால், பார்க்க வருகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். ஆண் விழுந்தால் குடி, பீடி, கடன், அலைச்சல் என்று காரணங்களை அடுக்குவார்கள். பெண்ணுக்கு ஒன்றே போதும்: பரம்பரை. அதிலும் தாய்வழி. நான் தமிழ் படித்தவள். ஒரு பிரதியை எடுத்தால் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எதைப் பேசாமல் விடுகிறார் என்று கேட்கப் பழகியவள். அதே கேள்விகளை இந்த வாக்கியத்திடம் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். மருத்துவமனைச் சீட்டில் ‘குடும்ப வரலாறு’ என்ற கட்டமாகவும், ஆய்வுக் கட்டுரைகளில் ‘மரபணு மாறுபாடு’ என்ற சொல்லாகவும், பட்டாசு ஆலையில் போர்மேன் வாயில் சமாதானமாகவும் இந்த ஒரே வாக்கியம்தான் வேடம் மாறி வருகிறது.

முதலில் அதற்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். இது பொய் வாக்கியமில்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ வருவது பக்கவாதம். அதில் மரபணுவுக்கு இரண்டு விதமான பங்கு உண்டு. ஒன்று அரிதானது: ஒரே ஒரு மரபணுவின் மாற்றம் நோயையே கொண்டுவந்து சேர்ப்பது. ‘கேடசில்’ என்ற நோய் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 19ஆம் குரோமோசோமில் இருக்கும் நாட்ச் 3 என்ற மரபணுவின் மாற்றமே அதற்குக் காரணம் என்று 1996இல் கண்டறிந்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. ஒற்றைத் தலைவலி, நடுவயதிலேயே திரும்பத் திரும்ப வரும் சிறு அடைப்புகள், பிறகு மறதி என்று அது வளரும். வந்த வழி தாயா தந்தையா என்று அந்த மரபணு பார்ப்பதில்லை.

இரண்டாவது வகைதான் நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது. எல்லோருடைய மரபணுத் தொகுதியிலும் சிறுசிறு எழுத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றில் சில ஆபத்தை இம்மியளவு கூட்டும், சில இம்மியளவு குறைக்கும். 2018இல் வெளியான ‘மெகாஸ்ட்ரோக்’ ஆய்வு 5,21,612 பேரின் மரபணுத் தகவலை ஒப்பிட்டு இப்படிப்பட்ட 32 இடங்களைக் காட்டியது. 2022இல் வந்த ‘ஜிகாஸ்ட்ரோக்’ ஆய்வு 1,10,182 நோயாளிகளை நோயற்றவர்களோடு ஒப்பிட்டு அதை 89 இடங்களாக்கியது. இந்த இடங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் கதை சுவாரசியமாகிறது. அவற்றில் பல, ரத்த அழுத்தத்தோடு தொடர்புடையவை. சில இதயத்துடிப்பின் ஒழுங்கோடும், சில ரத்தம் உறைவதோடும் தொடர்புடையவை. அதாவது மரபணு நேராக வந்து கையையும் காலையும் இழுப்பதில்லை. பெரும்பாலும் ‘பிரசர்’ என்று நாம் சொல்லும் கொதிப்பின் வழியாகவே, பல வருடங்கள் நடந்து வருகிறது. கொதிப்பு அளக்கக்கூடியது. அளந்தால் மாத்திரையால் அடக்கக்கூடியது.

பரம்பரை எவ்வளவு, பிழைப்பு எவ்வளவு என்று எடைபோட்ட ஆய்வும் உண்டு. பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தில் சேர்ந்த 3,06,473 பேரை வைத்து 2018இல் வெளியானது அது. மரபணு ஆபத்து குறைந்தவர்களைவிட அதிகமானவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். நல்ல வாழ்க்கைமுறை உள்ளவர்களைவிட மோசமான வாழ்க்கைமுறை உள்ளவர்களுக்கு 66 சதவீதம் கூடுதல். இந்தியாவும் பங்கேற்ற ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வு 32 நாடுகளில் நடந்து 2016இல் முடிவுகளைச் சொன்னது: உலகப் பக்கவாதச் சுமையில் சுமார் 90 சதவீதத்தைப் பத்துக் காரணிகளோடு தொடர்புபடுத்தலாம். அந்தப் பத்தில் முதலாவது உயர் ரத்த அழுத்தம்.

ஆகவே பரம்பரை உண்மைதான், முழு உண்மையல்ல என்று சொல்லி இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் ‘வாழ்க்கைமுறை’ என்ற சொல்லையும் சும்மா விட முடியாது. முறை என்றால் தேர்ந்தெடுக்கக்கூடியது இருக்க வேண்டும். காலையில் ஆலை வேன் ஏறி, சாயங்காலம் இறங்கி, எண்ணிக்கைக் கூலிக்குச் சரவெடி பின்னுகிற பெண் எதைத் தேர்ந்தெடுத்தாள்? பொறி பட்டுவிடக் கூடாது என்பதால் மின்விசிறி இல்லாத அறை. கழிப்பறை தூரம் என்பதாலும் எழுந்து போனால் கூலி குறையும் என்பதாலும் தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போடும் பழக்கம். நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருக்கும் உழைப்பு. பழைய சோறு, ஊறுகாய், கருவாடு என்று உப்பே துணையாகும் சாப்பாடு. வீட்டுக்கு வந்தால் அடுப்பும் துணியும் தண்ணீர்க் குடமும். எந்நேரமும் பக்கத்து அறை வெடிக்கலாம் என்ற அச்சம் வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் நடந்ததையும்தான். இந்த அச்சத்தோடு வேலைக்குப் போவதை ‘முறை’ என்று எழுதினால், பரம்பரை என்ற சொல் செய்த அதே வேலையை அதுவும் செய்கிறது. பழி பெண்ணின் உடம்போடு நின்றுவிடுகிறது.

வேலையில் கையாளும் பொருட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தபோது பேச்சு முழுக்க நகரங்களின் காற்றைப் பற்றியே இருந்தது. கரையக்கூடிய பேரியம் உடலில் அதிகம் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், அழுத்தம் ஏறும், துடிப்பு தவறும் என்பது நச்சியலின் பழைய பாடம். இங்கே வருகிற பக்கவாதமெல்லாம் பேரியத்தால் என்று நான் சொல்லவில்லை. தீபாவளி இரவில் ஓரிரு மணி நேரம் அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்குக் கிடைத்த கவனம், வருடம் முழுக்க அந்த மருந்தோடு இருப்பவளின் ரத்த அழுத்தத்துக்கு ஏன் கிடைக்கவில்லை என்றுதான் கேட்கிறேன்.

இப்போது மருத்துவமனைச் சீட்டுக்கு வருவோம். ‘குடும்பத்தில் யாருக்காவது பக்கவாதம், மாரடைப்பு உண்டா?’ நல்ல கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்தக் கட்டம் ஒன்றை முன்கூட்டியே நம்புகிறது: குடும்பத்தில் யார் எதனால் இறந்தார்கள் என்று யாரோ குறித்து வைத்திருப்பார்கள் என்று. என் அப்பாவின் அப்பா எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரியில், என்ன நோயில் இறந்தார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாச்சியைப் பற்றிக் கேட்டால் “காத்துப் பட்டு விழுந்துட்டா” என்பார் ஒருவர், “மனசு ஒடஞ்சு போனா” என்பார் இன்னொருவர். விழுந்த பக்கத்தில் புறா ரத்தம் தடவினார்கள், ஐந்து மாதம் திண்ணையில் கிடந்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவருடைய பிரசர் எவ்வளவு என்று வாழ்நாளில் ஒருமுறையும் யாரும் அளந்ததில்லை. கல்யாணமாகி வேறு ஊர் போன மகளுக்குத் தாயின் கடைசிக் காலம் கேள்வி ஞானமாகவே வந்து சேர்கிறது. கணவன் வீட்டார் அழைத்துப்போகும் ஆஸ்பத்திரியில் அவளுக்காகப் பதில் சொல்பவர்களுக்கோ அதுவும் தெரியாது. கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதப்படுகிறது. பெண்களின் சாவு பதிவாகாத ஊரில் அந்த ‘இல்லை’க்கு ‘யாரும் கேட்டுவைக்கவில்லை’ என்று பொருள்.

இது சின்ன இழப்பில்லை. 2007இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த ஓர் ஆய்வு, அடைப்பினால் பக்கவாதம் வந்த பெண்களின் குடும்பங்களைப் பார்த்தது. அந்தப் பெண்களின் தந்தையரைவிடத் தாய்மாருக்கே பக்கவாதம் வந்திருப்பது அதிகம் என்று கண்டது. அதாவது ஒரு பெண்ணுக்கு மிக வேண்டிய தகவல் அவளுடைய தாயின் வரலாறு. மிகக் குறைவாகக் கிடைப்பதும் அதுவே. இன்னொரு தகவலும் இப்படித்தான் தொலைகிறது. பேறுகாலத்தில் கொதிப்பு ஏறி, கை கால் வீங்கி, வலிப்பு வரை போன பெண்களுக்குப் பின்னாளில் பக்கவாத ஆபத்து அதிகம். அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் பெண்களுக்கென்று தனியாக வெளியிட்ட பக்கவாதத் தடுப்பு வழிகாட்டுதலில் இதைச் சேர்த்தது. நம் வீடுகளில் அது “ரெண்டாவது பிரசவத்துல ரொம்பச் சிரமப்பட்டா” என்ற ஒரு வரியாகச் சுருங்கி, பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததும் மறந்தே போகிறது.

“அம்மாவுக்கும் இப்படித்தான்” என்ற வாக்கியத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. தாயிடமிருந்து மகளுக்கு மரபணு மட்டுமா வருகிறது? தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய தாயின் மகள் பயராபீசில் திரி வைக்கிறாள். அம்மா வேலை பார்த்த இடத்துக்கே மகளையும் சேர்த்துவிட்ட குடும்பங்களை எனக்கு நேராகத் தெரியும். அதே மனை, அதே வெக்கை, அதே முன்பணக் கடன், கடைசியில் சாப்பிடும் அதே பழக்கம். தாய்க்கும் மகளுக்கும் ஒரே நோய் வருவதைப் பார்த்து அதை ரத்தத்தில் மட்டும் தேடுவது, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இருவரின் கையெழுத்து ஒத்திருப்பதைப் பார்த்து ரத்தபந்தம் என்று சொல்வதைப் போன்றது.

ரத்தம் என்ற சொல்லே நம்மிடம் எளிதான சொல்லில்லை. “சொத்து வெளியே போகக் கூடாது” என்று அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அப்படிக் கட்டிய வீட்டிலும் மனைவிக்கு நோய் வந்தால் “அவ அம்மா வழி” என்கிறார்கள். அக்காள் மகளைக் கட்டியவருக்கு மனைவியின் தாய் தன் உடன்பிறந்த அக்காள். மனைவியின் அம்மாச்சி தன்னைப் பெற்ற தாய். “அவ அம்மா வழி” என்று அவர் கைகாட்டுவது தன் சொந்த வீட்டைத்தான். ஆனாலும் பழி தாலியைத் தாண்டிப் பெண்ணிடம் போய்விடுகிறது. சொத்து விஷயத்தில் இந்தத் தாய்வழி நினைவு வருவதில்லை. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டம் 1989இல்தான் வந்தது. அதுவும் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருமுன் மணமானவர்களை விட்டுவிட்டது. நிலம் வராத வழியில் நோய் மட்டும் வரும் என்று நம்புவதற்கு நமக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

அறிவியல் இந்த இடத்தில் சொல்வதைச் சரியாகக் கேட்க வேண்டும். அறுபது வயதில் கொதிப்பினால் வரும் சாதாரணப் பக்கவாதத்தைச் சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று சொல்ல முடியாது. சொந்தத் திருமணம் ஆபத்தைக் கூட்டுவது, இருவரிடமிருந்தும் ஒரே மாற்றம் பிள்ளைக்கு வந்தால் மட்டும் தலைகாட்டும் அரிய நோய்களில். இளம் வயதிலேயே ரத்தம் உறையச் செய்யும் ஹோமோசிஸ்டினூரியா அப்படி ஒன்று. சாதி என்பதும் பெரிய அளவில் நடக்கும் இதே உள்மணம்தான். ஐதராபாத்தின் சிசிஎம்பி அறிவியலாளர்களும் பங்கேற்று 2017இல் வெளியான ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. சில மூதாதையரிடமிருந்து பெருகி, உள்ளுக்குள்ளேயே மணந்துகொண்டதால் ஏற்பட்ட மரபணு நெருக்கம் 81 குழுக்களில் ஃபின்லாந்து மக்களிடம் காண்பதைவிடக் கூடுதல் என்றது. அகமணமே சாதியின் சாரம், பெண்ணின் மீதான கொடுங்கட்டுப்பாடுகள் அதைக் காக்க வந்தவை என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் சொல்லிவிட்டார். நூறு வருடம் கழித்து மரபணுவில் படிக்கக் கிடைத்தது அந்தக் கட்டுப்பாட்டின் தடம். ஆக, பரம்பரை என்பது இயற்கை தந்ததோடு முடிவதில்லை. யார் யாரைக் கட்டலாம் என்று பெரியவர்கள் எடுத்த முடிவும் அதற்குள் இருக்கிறது.

ஆய்வுகளையும் பிரதியாக வாசிக்கத்தான் வேண்டும். பிரிட்டன் ஆய்வில் கணக்கிடப்பட்டவர்கள் வெள்ளையர்கள். ‘ஜிகாஸ்ட்ரோக்’ முந்தையதைவிட விரிவானது என்றாலும் அதன் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐரோப்பிய வம்சாவளியினர். 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படிக்கும் ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் 2020இல்தான் தொடங்கியது, 2025இல்தான் அதன் தரவு ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. இந்த இடைவெளி நோயாளியின் படுக்கை வரை வரும். மதுரையைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கே. ஸ்ரீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பேறுக்குப் பின்னும் மூளையின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்த 135 பெண்களைப் பற்றி 1983இல் எழுதினார். நம் பக்கத்துப் பெண்களின் பக்கவாதத்தைப் பற்றி எழுதப்பட்ட முக்கியமான ஆவணம் அது. இப்படி உறைவதற்கு ஐரோப்பாவில் முதலில் தேடும் மரபணு மாறுபாடுகள் இரண்டு: ஃபேக்டர் ஃபைவ் லைடன், புரோத்ராம்பின் மாறுபாடு. முதலாவது இந்தியர்களிடம் குறைவு, இரண்டாவது மிக அரிது. அந்தப் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்ததால் மட்டும் ஒரு பெண் பாதுகாப்பானவள் ஆகிவிட மாட்டாள்.

நம் ஊரில் தேட வேண்டியவை வேறு. பச்சை உடம்பு என்று சொல்லிப் பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் ஒன்று. ரத்தசோகை இன்னொன்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் உறைவதற்கு இரண்டும் துணைபோகும் என்று மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். இரண்டுமே மரபணுப் பரிசோதனையில் தெரியாதவை.

கடைசியாகப் போர்மேனின் சமாதானம். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சரவெடி பின்னும் இடத்தில் தலைசுற்றி விழுந்தார். எழுப்பி உட்கார வைத்துவிட்டு, “ஏம்மா, ஒங்க குடும்பத்துக்கே பிரசர் உண்டுல்ல, வீட்டுல இருக்க வேண்டியதுதான?” என்றாராம் அந்த மனிதர். சோடா வாங்கிக் கொடுத்தார்கள், அரைநாள் கூலியைக் கழித்தார்கள். கெட்ட மனிதர் என்றில்லை, அவர் கைக்கு எட்டிய வாக்கியம் அது. அந்த வாக்கியம் பெரிய நிறுவனங்களின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் முன்னுதாரணம் இருக்கிறது. வேலையால் மணிக்கட்டு நரம்பு பாதிக்கப்பட்டதாகச் சொன்ன தொழிலாளர்களின் ரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமலே மரபணுப் பரிசோதனை செய்ததாக பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபே ரயில் நிறுவனத்தின் மீது 2001இல் அந்நாட்டுச் சமவேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2002இல் 22 லட்சம் டாலருக்குச் சமரசமானது. 2008இல் வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. நம் ஊரில் பரிசோதனைக் குழாய்கூடத் தேவைப்படவில்லை, பரம்பரை என்ற சொல்லே போதுமானதாக இருக்கிறது.

எனவே மரபணு அறிவியலைப் பெண்கள் சந்தேகித்து ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதை நம் பக்கம் இழுத்து வாசிக்க வேண்டும் என்பேன். ஒருத்தியின் தாய்க்குப் பக்கவாதம் வந்தது என்றால், அவளுடைய ரத்த அழுத்தத்தை மற்றவர்களுக்கு முன்பே, அடிக்கடி அளக்க வேண்டும் என்று பொருள். அவளுக்கு மின்விசிறி இல்லாவிட்டாலும் காற்றோட்டமும், குடிக்கத் தண்ணீரும், பக்கத்தில் கழிப்பறையும், கூலி பிடிக்காத இடைவேளையும் கூடுதலாகத் தேவை என்று பொருள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து பிரசரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அவர்கள் வரும் பகல் வேளையில் நம் பெண்கள் ஆலை வேனில் போயிருப்பார்கள். பணியிடத்துக்கே போகும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024இல் வந்திருக்கிறது. அது பெரிய ஆலைகளோடு நிற்காமல் பட்டாசு அறை வரைக்கும், வீட்டில் குழாய் உருட்டுகிறவள் வரைக்கும் வர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா, அம்மாச்சி, அப்பத்தா, சித்தி, பெரியம்மா, அத்தை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். எந்த வயதில் என்ன நோய் வந்தது, பேறுகாலத்தில் கொதிப்போ வலிப்போ இருந்ததா, என்ன வேலை, எத்தனை வருடம், யாருடைய பிரசர் எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதுங்கள். அந்த ஆண்டுக்கு முன் அளக்கவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். நாளை மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போது அந்த நோட்டை எடுத்து நீட்டலாம். ஆலைக்காரர் பரம்பரை என்று சொல்லும்போதும் அதே நோட்டைத் திறந்து, வேலை என்ற வரியைக் காட்டலாம்.